பராக்குப் பார்த்த போட்டோக்காரன்

கல்யாண வீட்டில் யார் வேண்டுமானாலும் பராக்குப் பார்க்கலாம்; போட்டோ எடுக்க வந்தவன் மட்டும் பார்க்கக் கூடாது. எங்கள் தொழிலில் முதல் விதி அதுதான். பாலக்கோட்டில் ஸ்டுடியோ வைத்த நாளிலிருந்து நான் அதைத்தான் மீறிக்கொண்டிருக்கிறேன்.

பராக்கு என்றால் என்னவென்று எங்கள் பக்கம் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. வகுப்பில் ஜன்னலைப் பார்த்தால் "எங்கடா பராக்குப் பாக்கற?" என்று வாத்தியார் சாக்பீஸை எறிவார். அடுப்பில் பால் பொங்கி வழிந்தால் "பராக்குல நின்னுட்டியா?" என்று கேட்பார்கள். கைக்குழந்தை அழுதால் மட்டும் "கொஞ்சம் பராக்குக் காட்டு" என்பார்கள். காக்காயைக் காட்டி அழுகையை மறக்க வைப்பது. அந்த ஒரு இடத்தில்தான் இந்தச் சொல்லுக்கு நல்ல பேர். மற்ற இடமெல்லாம் திட்டுதான்.

இதை மறதி என்று சிலர் நினைக்கிறார்கள். மறதி என்றால் மனதில் இருந்தது போய்விட்டது. அசட்டை என்றால் தெரிந்தே விட்டுவிடுவது. பராக்கு அப்படி இல்லை. கண் நன்றாகத் திறந்திருக்கும். ஆசையாகப் பார்த்துக்கொண்டும் இருக்கும். பார்க்க வேண்டியதை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருப்பதைப் பார்க்கும். இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தாண்டி இறங்கினவர்கள், டீயில் உப்பைப் போட்டவர்கள், அடுத்தவர் செருப்பை மாட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தவர்கள் எல்லாரும் எனக்குச் சொந்தக்காரர்கள். நீங்கள்தான் என் கஷ்டத்தைப் புரிந்துகொள்வீர்கள் என்று நம்பிச் சொல்கிறேன்.

ஒரு ஆளை மட்டும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மாதப்பன். என்னோடு வீடியோ எடுப்பவர், என்னைவிட வயதில் மூத்தவர். நான் விட்டதையெல்லாம் அவர் வீடியோவில் பிடித்து வைத்திருப்பார். ஸ்டுடியோ இன்னும் திறந்திருப்பதற்கு அவர்தான் காரணம்.

பக்கத்து மண்டபம்

தர்மபுரியில் ஒரு முகூர்த்த நாள். அந்தத் தெருவில் இரண்டு மண்டபங்கள் ஒட்டி ஒட்டி இருக்கும். நடுவில் ஒரு காம்பவுண்டு சுவர். மாதப்பன் முன்னாடியே போய்விட்டார். நான் வண்டியை நிறுத்திவிட்டு வந்தேன். வாசலில் கட்டியிருந்த வாழை மரத்துப் பூவில் ஒரு அணில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு தேன் குடித்தது. மேளச் சத்தம், ஜெனரேட்டர் சத்தம் எதற்கும் அது அசையவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே அது எந்த வாசலோ அந்த வாசலுக்குள் நுழைந்துவிட்டேன்.

மேடையில் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். எடுத்தேன். "சித்தப்பா, கொஞ்சம் உள்ள வாங்க. அக்கா, புடவையச் சரி பண்ணுங்க" என்று எல்லாரையும் நிறுத்தி வைத்து எடுத்தேன். பெண்ணுடைய அப்பா வெள்ளை வேட்டி சட்டையில் வந்து, "சாப்புட்டீங்களா? மொதல்ல சாப்புடுங்க" என்று கையைப் பிடித்துக் கூட்டிப் போய் இலையில் உட்கார வைத்தார். பொங்கலும் வடையும் சாப்பிட்டுவிட்டு மறுபடியும் மேடை ஏறினபோது போன் அடித்தது. மாதப்பன்.

"அருளு, எங்க இருக்கற?"

"மேடையிலதான்."

"நானும் மேடையிலதான்யா இருக்கறேன்."

பின்னால் திரும்பிப் பார்த்தேன். பூவில் எழுதியிருந்த பேர்கள் வேறு. ஓடிப்போயிருக்கலாம், சாப்பிட்ட வாய் விடவில்லை. அந்த அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். கோபப்படுவார் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவர் என் தோளைத் தட்டினார்.

"அதான பாத்தேன், நாங்க பேசுனது வேற ஆளாச்சேன்னு. அவுரு ஒருவேள உங்க கல்யாணத்துல இருந்தாலும் இருப்பாரு, இருந்தா இங்க அனுப்பி வுடுங்க."

ஒரு தடவைதான்

எங்கள் பங்குக் கோயிலில் ஒரு ஞானஸ்நானம். ஓசூரில் கம்பெனி வேலை பார்க்கிற புருஷன் பெண்டாட்டி. ரொம்ப வருஷம் காத்திருந்து பிறந்த பெண் குழந்தை. சொந்த ஊர்க் கோயிலில்தான் தண்ணி ஊற்ற வேண்டும் என்று வந்திருந்தார்கள். அந்தத் தாய் என்னிடம் காலையிலேயே, "தண்ணி ஊத்தறப்ப கரெக்டா எடுத்துருங்கண்ணா, அது ஒண்ணு போதும்" என்று சொல்லியிருந்தார்.

ஃபாதர் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார். மேலே ஜன்னலில் ஒரு புறா கூடு கட்டிக்கொண்டிருந்தது. கிறிஸ்துமஸுக்குக் கட்டின ஜிகினாத் தாள் ஒன்று அதற்குக் கிடைத்திருந்தது. கம்பிக்குள் நுழைக்கப் பார்க்கிறது, நீளம் இடிக்கிறது. குறுக்கே பிடிக்காதே, நீட்டமாகப் பிடி என்று எனக்கு வாய்வரைக்கும் வந்துவிட்டது. அப்போது குழந்தை வீறிட்டு அழுதது. திரும்பினால் தலை நனைந்திருந்தது. எல்லாம் முடிந்துவிட்டது. சரியாக அன்றைக்கென்று மாதப்பனும் வேறு கல்யாணத்துக்குப் போயிருந்தார். நேராக ஃபாதரிடம் போய், "ஃபாதர், இன்னொருக்கா ஊத்துங்க" என்று சொல்லிவிட்டேன். மைக் ஆன் ஆகியிருந்தது. பாடகர் குழுவில் நின்றிருந்த என் மனைவி ஜெயராணி பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டாள். ஃபாதர் அதே மைக்கில் நிதானமாகச் சொன்னார்.

"ஞானஸ்நானம் ஒருத்தருக்கு ஒரு தடவதான் அருளு. இந்தக் கொழந்தைக்கு ஏறிடுச்சு. உனக்குத்தான் அன்னிக்கு ஏறலியோன்னு சந்தேகமா இருக்குது, கிட்ட வா பாக்கலாம்."

ராஜா வருகிறார்

பென்னாகரம் பக்கம் ஒரு ஊரில் திருவிழா. கடைசி நாள் கூத்து பகலிலேயே நடக்கும். ஊர்க் கமிட்டியார் போட்டோவுக்கு எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். முக்கியமான கட்டம், ராஜா வேஷம் கட்டினவர் கிரீடமும் புஜக்கட்டையும் போட்டுக்கொண்டு சபைக்குள் நுழைவது. அந்த வேஷம் கட்டியவர் அந்த ஊர்க்காரர். ஆடுவது அதுதான் கடைசி வருஷம், முழங்கால் வலி. பேனர் போடுவதற்கு அந்த நுழைவைத்தான் கேட்டிருந்தார்கள்.

கட்டியங்காரர் முன்னால் வந்து "ராஜாதி ராஜ, ராஜ மார்த்தாண்ட, பராக்! பராக்!" என்று குரல் கொடுத்தார். நான் பக்கத்தில் பலூன்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஒரு நீள பலூனை முறுக்கி நாய் செய்துகொண்டிருந்தார். நாய்க்கு மூன்று கால் வந்துவிட்டது. நாலாவது கால் எங்கிருந்து வரப்போகிறது என்பதுதான் என் கவலை. ராஜா நுழைந்தார், ஒரு சுற்று ஆடி முடித்தார், ஆசனத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். நான் அப்போதுதான் கேமராவைத் தூக்கினேன். கட்டியங்காரர் அதைப் பார்த்துவிட்டார். கூத்தை நிறுத்திவிட்டு என்னைக் கையைப் பிடித்துச் சபை நடுவில் இழுத்து வந்து நிறுத்தினார். ஊரே பார்க்கிறது.

"மகா ஜனங்களே, நான் பராக்குன்னு கத்துனா ராஜா வர்றாரு, கவனமா இருங்கன்னு அர்த்தம்! இந்த போட்டோக்காரரு, பராக்குப் பாக்கச் சொல்லி நான் உத்தரவு போட்டேன்னு எடுத்துக்கிட்டாரு!"

சிரிப்பு அடங்க ரொம்ப நேரமானது. ராஜா வேஷக்காரர் ஆசனத்தில் இருந்தபடியே என்னைப் பார்த்தார். அவர் சிரிக்கவில்லை. வலியோடு எழுந்து மறுபடி வாசலுக்குப் போய், எனக்காக இன்னொரு தடவை நுழைந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு அவர் அந்தச் சுற்று ஆடினதைப் பார்த்ததும் எனக்கு அங்கேயே உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது. வரும் வழியில் வண்டியில் மாதப்பன் சொன்னார். அவர் வீட்டில் கன்னடம் பேசுவார்கள்.

"எங்க வூட்டுப் பாஷையில பராக்குன்னா ராஜாவுக்குப் போடற ஜே. உன்னோட சேந்துதான்யா அது எனக்குத் திட்டா மாறிப்போச்சு."

இன்னும் கொஞ்சம் பின்னாடி

இதுவரைக்கும் சொன்னதில் நீங்கள் சிரித்திருக்கலாம். இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. சொல்லாமல் விட்டுவிடலாம் என்று கூட நினைத்தேன்.

கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளையையும் பெண்ணையும் வெளியே கூட்டிப் போய்ப் படம் எடுப்பதை நாங்கள் 'அவுட்டோர்' என்போம். எங்கள் மாவட்டத்தில் அவுட்டோர் என்றால் முக்கால்வாசி ஒகேனக்கல்தான். பிரபு, சங்கீதா என்று ஒரு ஜோடி. பரிசலில் கொஞ்ச தூரம் போய் ஒரு பாறையில் இறங்கினோம். சங்கீதா சிவப்புப் புடவை கட்டியிருந்தாள், முந்தானை நீளமாக விட்டிருந்தாள். பின்னால் அருவி. அருவி இன்னும் கொஞ்சம் பெரிதாக விழ வேண்டும் என்று எனக்கு ஆசை. "இன்னும் கொஞ்சம் பின்னாடி போம்மா, நான் சொல்ற வரைக்கும் போ" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பின்னால் நடந்தாள்.

அந்த நேரம் எங்களைத் தாண்டி இன்னொரு பரிசல் போனது. வெளியூர்க் குடும்பம். பரிசல்காரர் வேண்டுமென்றே பரிசலைச் சுற்றிவிட்டார். எல்லாரும் அலறுகிறார்கள். நடுவில் ஒரு பெரியவர் தன் செருப்பு இரண்டையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். நான் அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். 'போதும்' என்று நான் சொல்லவில்லை. அவள் நின்றாளா நடந்தாளா என்றே தெரியாது. சத்தம் கேட்டுத் திரும்பினபோது அவள் பாறை மேல் இல்லை.

பாசி பிடித்த விளிம்பில் கால் வழுக்கியிருந்தது. எங்கள் பரிசல்காரர் கீழே பரிசலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்ததால் பிழைத்தாள். அவர் முந்தானையை எட்டிப் பிடித்து, பிறகு கையைப் பிடித்தார். பிரபு குப்புறப் படுத்து மேலே இழுத்தார். அந்த இடத்தில் தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடும். அவள் முழங்கால் தோல் உரிந்திருந்தது. ஒரு கால் கொலுசு ஆற்றோடு போய்விட்டது. தள்ளி நின்று அருவியை வீடியோ எடுத்துக்கொண்டிருந்த மாதப்பன் வந்து என் கழுத்திலிருந்த கேமராவைக் கழற்றிப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார்.

அன்றைக்குப் பிறகு நான் யாரையும் பின்னால் போகச் சொன்னதில்லை. நான்தான் பின்னால் போகிறேன். அவர்கள் கல்யாணத்துக்கு வேறு ஆளை வைத்துக்கொள்ளுங்கள் என்று நானே சொன்னேன். அவர்களும் சரி என்றுதான் சொன்னார்கள். ஆனால் அன்று கரைக்கு வந்து மீன் வறுவல் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, நான் சங்கீதா முன்னால் போய் நின்று "தப்பு பண்ணிட்டேன்மா" என்றேன். ஈரப் புடவையோடு, கையில் வாங்கின டீயைக் குடிக்காமல் வைத்துக்கொண்டு, கோபமே இல்லாமல் அவள் சொன்னாள்.

"நீங்க போதும்னு சொல்லுவீங்கன்னு நம்பித்தான்ணா நான் திரும்பிப் பாக்காமயே போனேன்."

கண் டாக்டர்

அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் கெட்டது. ஜெயராணிக்கு ஒரு சந்தேகம். கண்ணில் ஏதாவது கோளாறு இருக்குமோ என்று. ஓரத்தில் இருப்பது தெரிகிறது, நேரே இருப்பது தெரிவதில்லையே, அப்படி ஒரு வியாதி உண்டாம். தர்மபுரியில் கண் டாக்டரிடம் கூட்டிப் போனாள். டாக்டர் ஒரு கண்ணை மூடி எதிரே உள்ள போர்டில் எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். நான் அவருக்குப் பின்னால் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ராகுகாலத்துக்குக் கீழே ரொம்பப் பொடி எழுத்தில் எந்த அச்சகம் என்று போட்டிருந்தது. "சிவகாசியில அடிச்சதுங்களா டாக்டர்?" என்று கேட்டேன். அவர் திரும்பிக் காலண்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், லைட்டைப் போட்டுவிட்டு ஜெயராணியிடம் சொன்னார்.

"கண்ணு ரெண்டும் பிரமாதமா இருக்குதும்மா. நான் காட்டறத வுட்டுட்டு மத்த எல்லாத்தையும் படிக்கறாரு."

தக்காளி உருண்ட நாள்

எங்கள் ஸ்டுடியோ தக்காளி மார்க்கெட்டுக்குப் போகிற ரோட்டில் இருக்கிறது. தக்காளி நல்ல விலை விற்ற சமயம். ஒரு டெம்போ வேகத்தடையில் ஏறி இறங்கினதில் பின்னால் அடுக்கியிருந்த கூடைகள் சரிந்து, ரோடெல்லாம் தக்காளி உருண்டது. டிரைவர் குதித்து இறங்கி "யாரும் எடுக்காதீங்க, யாரும் எடுக்காதீங்க" என்று கத்துகிறார். பஸ் நிற்கிறது. பஸ்ஸில் இருந்தவர்களே இறங்கி ஆளுக்கு ஒரு கூடையாகப் பொறுக்கி அவருக்கே கொடுக்கிறார்கள். ஒரு அம்மா மட்டும் நாலு பழத்தை மடியில் போட்டுக்கொண்டு மெதுவாக நகர்கிறார். கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நான் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைக்குள் ஒருவர் வந்திருந்தார். வந்ததும் தெரியும், பேசினதும் தெரியும். நடுத்தர வயதுப் பெண். பேர் முனியம்மாள் என்று பிறகு சொன்னார். மேசை மேல் ஒரு சின்ன போட்டோவை வைத்து, "இத பெருசு பண்ணி, வூட்ல மாட்டறாப்புல ஃபிரேம் போட்டுக் குடுங்க" என்றார். ம் என்றேன். "வெள்ளிக்கெழம வேணுங்க" என்றார். ம் என்றேன். "அன்னைக்குத்தாங்க பதினாறு" என்றார். வெள்ளிக்கிழமை என்றதும், வீட்டில் மாட்டுவது என்றதும், என் காது ஏதோ பிறந்தநாள் என்று எடுத்துக்கொண்டது. ரோட்டில் அந்த அம்மா டிரைவர் கண்ணில் பட்டுவிட்டார். என்ன நடக்கப்போகிறதோ என்று பார்த்துக்கொண்டே, "ரொம்ப சந்தோஷம்ங்க, ஜமாய்ச்சுரலாம்" என்றேன்.

மாதப்பன் உள்ளே கம்ப்யூட்டரில் இருந்தார். அவர் எழுந்து நின்ற சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன். அந்தப் பெண்ணின் நெற்றியில் பொட்டு இல்லை. கழுத்து வெறுமையாக இருந்தது. மேசை மேல் இருந்த போட்டோவில் மீசை வைத்த ஒரு ஆள், சட்டைப் பையில் பேனா குத்திக்கொண்டு, கேமராவைப் பார்த்து நிமிர்ந்து நிற்கிறார். பதினாறாம் நாள் காரியம். என் கையைப் பிடித்து யாராவது அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்து போய் ஷட்டரை இறக்கினேன். ரோடு தெரியக் கூடாது. திரும்பி வந்து அவர் எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, "எப்பிடிங்க ஆச்சு?" என்று கேட்டேன்.

சொன்னார். காலையில் மோட்டார் போட வயலுக்குப் போனவர், திரும்பி வரவில்லை. போய்ப் பார்த்தால் வரப்பில் உட்கார்ந்தபடியே சாய்ந்திருக்கிறார், தண்ணீர் பாட்டுக்குப் பாய்ந்துகொண்டிருக்கிறது. மாரடைப்பு என்றார்களாம். சிரித்த மாதிரி வேறு போட்டோ இல்லை, ஆதாருக்கு எடுத்ததும் இதுவும்தான் என்றார். சட்டைக்கு என்ன நிறம், முடி அவ்வளவு நரைத்திருந்ததா, மீசை இவ்வளவு அடர்த்தியா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு நானும் மாதப்பனும் அந்தப் படத்தைச் சரி செய்தோம். பெரிதாகி ஸ்கிரீனில் முகம் வந்தபோது அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

வியாழக்கிழமை ஃபிரேமை வாங்கிக்கொள்ள வந்தார். துணியில் சுற்றி மார்போடு பிடித்துக்கொண்டார். அவர் வந்ததும் இறக்கியிருந்த ஷட்டரை நான் முழுக்கத் தூக்கிவிட்டேன். அவர் வாசலில் நின்று, ஏதோ நான் அழுவது போல இருந்ததோ என்னவோ, எனக்கு ஆறுதல் சொன்னார்.

"அன்னைக்கு ஏதோ பராக்குல சொல்லிட்டீங்க, மனசுல வெச்சுக்காதீங்க. அவுரும் இப்பிடித்தாங்க, நான் பேசறப்ப எல்லாம் ரோட்டையேதான் பாத்துட்டு இருப்பாரு."

ஊரில் உள்ள முகத்தையெல்லாம் படம் பிடித்துத்தான் நான் சோறு சாப்பிடுகிறேன்; பேசுகிறவர் முகத்தைப் பார்ப்பது எப்படி என்பதை மட்டும் இந்த வயதில் ஷட்டரை இறக்கி வைத்துக்கொண்டு பழகி வருகிறேன்.